வெள்ளிக்கிழமை லைன் டச்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெண்கள் கல்லூரி இருக்கிறது. அதன் மைதானத்தைச் சுற்றி ஆமை மாதிரி நடந்துகொண்டிருந்தேன். நடுவில் கூடைப்பந்துக் களம். பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் அங்கே ஓடினார்கள், குனிந்து தரையைத் தொட்டார்கள், திரும்பினார்கள், மறுபடி ஓடினார்கள். எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். வயிற்றெரிச்சலாக இருந்தது. மறுநாள் நான் நடக்கவில்லை, நேராகக் களத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். சர்க்கரை என்ன ஆயிற்று என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

2

தொடக்கம்: "மலைகள் சூழ்ந்த நாஞ்சில் நாட்டில், தென்றல் தவழும் ஒரு மாலையில்..."

(அடித்துவிட்டேன். அந்தக் களத்தில் தென்றலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சிமென்ட் தரை தோசைக்கல் மாதிரி காய்ந்துகொண்டிருந்தது.)

வேறொரு தொடக்கம்: "வியர்வை என்பது உடல் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும்..."

(சே!)

எலிசா ஓடினாள்.

இது போதும். எலிசா கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்துப் பெண். பள்ளியில் குண்டு எறிந்துகொண்டிருந்தவளை, உயரத்தைப் பார்த்துவிட்டுப் பந்தாட இழுத்து வந்தார் கோச் ஷைஜா. கூடைக்கு அடியில் கையைத் தூக்கி நின்றால் அவளைத் தாண்டி ஒரு பந்து போகாது. ஆனால் ஓட்டம் வராது. இப்போது மூன்றாம் ஆண்டு. இதுவரை எல்லா ஆட்டத்திலும் பாதியில்தான் இறக்கினார்கள். முதல் விசில் ஊதும்போது களத்தில் நிற்கும் ஐந்து பேரில் ஒருத்தியாக அவள் இருந்ததே இல்லை. நாளை சனிக்கிழமை கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம். அதோடு அவளுடைய கல்லூரி ஆட்டமும் முடிந்தது. நாளை அந்த ஐவரில் நிற்க வேண்டும், அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். எனக்கும் வேண்டாம். நடுநிலையான எழுத்தாளரைத் தேடுகிறவர்கள் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம்.

3

கோச்சைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவரை வில்லியாக்கி வைத்திருந்தேன். குளச்சல்காரர், முப்பதைத் தொடாத வயது, கடற்கரைக் குரல். "ஏட்டி, குனிஞ்சு தொடு! தரை கடிக்குமா உன்ன?" என்று அவர் கத்தினால் கல்லூரிக் காவலாளியும் குனிவார். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியே இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிற்கச் சொல்வார். தொடை நடுங்கும், கண்ணில் நீர் வரும், எழவிட மாட்டார்.

பிறகு கவனித்தேன், சுவரோரம் அவரும் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருடைய தொடையும் நடுங்கியது. வில்லி கைநழுவிப் போனாள். கதைக்கு நஷ்டம்தான், என்ன செய்ய.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: லைன் டச் என்றால் என்னவென்று இங்கேயே சொல்லிவிட வேண்டும். களத்தின் ஒரு முனையில் இருந்து கிளம்பி, அருகில் உள்ள கோட்டைக் கையால் தொட்டுத் திரும்ப வேண்டும். அடுத்து நடுக்கோடு, திரும்ப வேண்டும். அதற்கு அடுத்தது, திரும்ப வேண்டும். பிறகு எதிர் முனைக் கோடு, அங்கிருந்து கிளம்பிய இடத்துக்கு. முதல் விசிலுக்கும் இரண்டாம் விசிலுக்கும் நடுவே இதை முடிக்க வேண்டும். ஆட்டத்துக்கு முந்தின நாள் இதை முடிக்காதவள் முதல் ஐவரில் கிடையாது. ஷைஜாவின் சட்டம். யாருக்கும் தளர்வு இல்லை.)

4

இன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை. அவசரமாக எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசில். எல்லோரும் பாய்ந்தார்கள். எலிசா நன்றாகத்தான் கிளம்பினாள். இந்த ஒரு மாதத்தில் அவள் இளைத்து, இறுகி, வேறு ஆளாகியிருந்தாள். நடுக்கோட்டைத் தொட்டாள். மூன்றாவதைத் தொட்டாள். எதிர் முனைக்குப் போகும் வழியில் கால் பின்னியது. முழங்கை தரையில் உரச விழுந்தாள்.

இந்த இடத்தில் நான் எழுதியதைப் பாருங்கள்: "முன்னால் ஓடிக்கொண்டிருந்த கேப்டன் ராஜி நின்றாள். திரும்பினாள். தோழியின் கையைப் பிடித்துத் தூக்கி, இருவரும் சேர்ந்தே..."

பொய். ராஜி நிற்கவில்லை. எலிசாவைத் தாண்டி ஓடி, முடித்துவிட்டுத்தான் மூச்சுவிட்டாள். நான் பிறகு அவளிடம் கேட்டேன், கொஞ்சம் குத்தலாகவே.

"நின்னிருக்கலாமே ராஜி?"

"நின்னா ரெண்டு பேரும் வெளிய நிக்கணும் அக்கா. முடிச்சாத்தானே மிஸ் கிட்ட அவளுக்காக வாய் தொறக்க முடியும்?" என்றாள் அந்தக் கொட்டாரம் ஊர்க்காரி. என் மனதில் இருந்த ராஜியைவிட இவள் எவ்வளவோ கெட்டிக்காரி.

வாயையும் திறந்தாள். "மிஸ், அவளுக்கு இன்னொரு தடவ குடுங்க. இது சும்மா ஓடி விழுந்தது இல்ல. வேற என்னமோ இருக்கு."

5

ஷைஜா எலிசாவின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். உதடு வெளுத்திருந்தது.

"மத்தியானம் என்ன தின்ன?"

எலிசா உரசிய முழங்கையைத் துடைத்துக்கொண்டாள்.

"காலத்த?"

"மிஸ், இண்ணைக்கு எங்க சர்ச்சுல உபவாச ஜெபம்," என்றாள் எலிசா தரையைப் பார்த்து. "நாளைக்க மேச்சுக்காக அம்மையும் பெண்கள் சங்கத்துல உள்ளவங்களும் காலத்தயிருந்து பட்டினி கிடந்து ஜெபிக்காவ. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் முடியும். எனக்காக அவ்வளவு பேரு பட்டினி கிடக்கும்போ நான் மட்டும் எப்பிடித் தின்னுகது?"

(இங்கே நிறுத்தி உபவாசம் பற்றி ஒரு பக்கம் கட்டுரை எழுதினேன். கிழித்துவிட்டேன். அந்தப் பெண் வெறும் வயிற்றோடு நிற்கும்போது எனக்குக் கட்டுரை ஒரு கேடா?)

"சாப்பிடு. ஒரு மணி நேரம் கழிச்சு ஓடு. இன்னொரு தடவ தாறேன்," என்றார் ஷைஜா. "சாப்பிடல்லன்னா கிடையாது. பட்டினிப் பிள்ளைய நான் ஓட விடமாட்டேன்."

சாப்பிட்டால் ஓடலாம். ஆனால் ஜெபம் முறிந்துவிடும், முறிந்தால் நாளை தோற்றுவிடுவோம் என்று அவள் நம்பினாள். சாப்பிடாவிட்டால் ஜெபம் நிற்கும், அவள் நாளை பெஞ்சில் உட்காருவாள். எலிசா அழுதாள். "வேண்டாம் மிஸ். நான் பெஞ்சுலயே இருந்துக்கிடுதேன். டீம் ஜெயிச்சாப் போதும்." நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

6

ஷைஜா போனை எடுத்து, எலிசாவின் அம்மா ராஜபாயை அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் பெண்கள் பாடிக்கொண்டிருந்தது கேட்டது. விஷயத்தைச் சொன்னதும் பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது.

"பட்டினியா? அவளா?" ராஜபாயின் குரல் உயர்ந்தது. "ஏட்டி எலிசா! உன்ன யாருட்டி பட்டினி கிடக்கச் சொன்னது? நாங்க இங்க தின்னாம இருக்கது, நீ அங்க தின்னுட்டு ஓடுகதுக்கில்லியா! எங்களுக்குக் கிடக்கத் தெரியும், உனக்கு ஓடத் தெரியும். அவுங்கவுங்க வேலைய அவுங்கவுங்க பாக்கணும். எதையாவது எடுத்துத் தின்னு மக்கா!"

இந்த வசனத்தை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் இப்போது காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்திருப்பேன்.

ராஜி ஓடிப்போய்ப் பையில் இருந்து மட்டி வாழைப்பழங்களை எடுத்து வந்தாள். எலிசா அழுதுகொண்டே தின்றாள், சிரித்துக்கொண்டே தின்றாள். கடைசிப் பழத்தை வாய்க்குள் முழுசாகத் திணித்தாள்.

"ஓடும்போ கூப்பிடணும் கேட்டியளா," என்றார் ராஜபாய். "நாங்க எல்லாரும் கேக்கணும்."

7

அந்த ஒரு மணி நேரத்தில் நான் இரண்டு முடிவுகளை யோசித்தேன்.

ஒன்று, எலிசா ஜெயிக்கிறாள், எல்லோரும் அவளைத் தோளில் தூக்குகிறார்கள். (அவளைத் தூக்க ஒரு கிரேன் வேண்டும்.)

இரண்டு, அவள் தோற்கிறாள், ஆனால் வாழ்க்கையில்... (வேண்டாம். தோற்றவளிடம் போய் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.)

நேரம் வந்தது. ஷைஜாவின் வாயில் விசில். மற்றவர்கள் கோடுகளின் ஓரத்தில் கத்துவதற்குத் தயாராக நின்றார்கள். ராஜபாயை மறுபடி அழைத்தாயிற்று, போனை யார் பிடிப்பது?

"அக்கா, நீங்க சொல்லுங்க," என்று என் கையில் திணித்தார் ஷைஜா. போனிடம், "இவங்க கதை எழுதுகவங்களாக்கும், நல்லா சொல்லுவாங்க," என்று வேறு ஏற்றிவிட்டார்.

விசில்!

"எலிசா காற்றைக் கிழித்துக்கொண்டு, ஒரு..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் வேண்டாம் டீச்சர்! எந்தக் கோடு வர எத்தினான்னு செல்லுங்க!" என்றார் ராஜபாய். எனக்கு வாய்த்த பதிப்பாசிரியர்களில் இவருக்கு இணை இல்லை.

"முதல் கோடு! தொட்டுட்டா! திரும்பிட்டா!"

"ஸ்தோத்திரம்!" என்றது போனுக்குள் ஒரு கூட்டம்.

"நடுக்கோடு! தொட்டுட்டா!"

"ஸ்தோத்திரம்!"

"மூணாவது! ஐயோ, வேகம் குறையுது... இல்ல, இல்ல, குறையல்ல, தொட்டுட்டா! வாறா, வாறா!"

நான் எழுந்து நின்றுவிட்டேன். நடக்கவே சோம்பல்படும் நான் கோட்டின் ஓரமாக அவளோடு ஓடிக்கொண்டிருந்தேன். ராஜி தொண்டை கிழியக் கத்தினாள். எதிர் முனையை எலிசா தொட்டுவிட்டாள். திரும்பிவிட்டாள். இனி ஒரே ஓட்டம், கிளம்பிய கோட்டுக்கு. ஷைஜாவின் கன்னம் விசிலோடு உப்பியது. எலிசா கடைசி அடியில் நீளமாகப் பாய்ந்து கையை நீட்டினாள், விசிலும் அதே கணத்தில்...

"டீச்சர்? சத்தம் கேக்கல்லியே. தொட்டாளா? டீச்சர், செல்லுங்க, எனக்க மக தொட்டாளா?"

எனக்கு மூச்சு இரைக்கிறது. இந்தாருங்கள், போனை நீங்கள் பிடியுங்கள். இவ்வளவு நேரமும் என் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அங்கே பசித்த வயிற்றோடு ஒரு சபையே காத்திருக்கிறது. சீக்கிரம் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லுங்கள்.