ஆளுக்கு ஒரு கை

வேலையைக் கெடுத்துக்கொண்டு மெட்ராஸ் போக மண்ணாங்கட்டிக்குத் துளியும் இஷ்டமில்லை. ஆனாலும் பங்குக்காரர்கள் கூட்டத்துக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. பிள்ளைப்பாக்கத்தில் பம்பு கம்பெனிக்கு நிலம் கொடுத்தபோது, பெரிய முதலாளி அவனுக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் வேலையோடு ஆளுக்குப் பத்துப் பங்கும் கொடுத்திருந்தார். சுற்றுவட்டாரத்து ஜனங்களுக்கு வைத்தியம் பார்ப்பதும் கம்பெனியின் நோக்கம் என்று சட்டதிட்டத்திலேயே ஒரு வரி எழுதிவைத்த மனுஷன் அவர். அந்தப் புண்ணியத்தில்தான் கேட்டுக்குப் பக்கத்தில் டிஸ்பென்சரி வந்தது. அங்கே நர்ஸ் லூர்தம்மாள் ஃப்ரிட்ஜிலிருந்து மருந்தெடுத்து, அவன் பெண்டாட்டி சந்திரம்மாளுக்குத் தினமும் சர்க்கரை ஊசி போட்டு உயிரை நிறுத்திவைத்திருந்தாள்.

இந்தத் தொண்ணூற்றொன்றில் பட்டணத்துப் பணக்காரர்கள் பங்கு வாங்கி உள்ளே வந்தார்கள். அந்த வரி அவர்கள் கண்ணை உறுத்தியது. கம்பெனி என்றால் பங்குக்காரனுக்கு லாபம் தரணும், அவ்வளவுதானாம்; டிஸ்பென்சரியெல்லாம் வீண் செலவாம். மண்ணாங்கட்டியும் பங்குக்காரன்தான் என்பது யாருக்கும் ஞாபகமில்லை.

"பங்கு எவ்ளோன்னு பாக்க மாட்டாங்க, ஆளுக்கு ஒரு கை. நம்மாளுங்க தூக்கலன்னா அந்த வரிய எடுக்க முடியாது," என்று யூனியன் சாம்சன் பஸ்ஸில் படித்துப் படித்துச் சொன்னான். "இன்னா ஆனாலும் கையத் தூக்கிடாதீங்க."

மண்ணாங்கட்டி இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். மேடையில் பெரிய முதலாளி பாதி ஆளாகியிருந்தார். புது சேர்மன் அந்த வரியை எடுக்கும் தீர்மானத்தை இங்கிலீஷில் படித்துவிட்டு, "சரின்னு சொல்றவங்க கை தூக்கலாம்," என்றார்.

முதலில் எழுந்தது பெரிய முதலாளியின் கை.

இருபது வருஷமாக அந்தக் கை காட்டிய பக்கமெல்லாம் ஓடிய ஜனம். முன்வரிசையில் ரெண்டு பேர் தூக்கினார்கள், பின்னாலேயே மளமளவென்று மற்றவர்களும். தன் கையும் தலைக்கு மேலே நிற்பதை மண்ணாங்கட்டி பார்த்தபோது எண்ணி முடித்துவிட்டார்கள்.

வாசலில் காரருகே போய், "இன்னா ஐயா, நீங்களே இப்டிப் பண்ட்டீங்களே?" என்று கேட்டான்.

"என்னால இனிமே அவங்களோட மல்லுக்கட்ட முடியலப்பா. அசந்துபோயிட்டேன்," என்றார் முதலாளி. "நீங்களாவது நிறுத்துவீங்கன்னு நெனச்சேன்."

கோபம் வரவேண்டிய இடம்தான். அதற்கும் அவனுக்குத் தெம்பில்லை.

கூட்டத்தில் கொடுத்த ஸ்வீட் டப்பாவோடு வீடு வந்தான். சந்திரம்மாள் அதைத் தொடக்கூட இல்லை.

"இன்னாய்யா ஆச்சி? ஊசி கீதா, இல்லியா?"

"இந்த மாசம் வரைக்கும் கீது."

"எந்தப் பாவிய்யா கையத் தூக்கனான்?"

"மொதல்ல முதலாளி," என்றான் மண்ணாங்கட்டி. "அப்பால நானு."