ஈரத்தலை

அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதற்காகப் பழைய வேட்டியிலிருந்து பரத்வாஜ் ஒரு நாடா கிழித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் சிணுங்கியது. அந்தமான் தீவிலிருந்து அக்கா ஹம்சினி படம் அனுப்பியிருந்தாள். தலையில் ஓலைத் தொப்பி, கையில் இளநீர். பக்கத்தில் அவள் கணவன் அஸ்வத், வெயிலில் கன்றி மூக்குத் தோல் உரிந்த கோலத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். 'இன்னிக்குப் பூரா ஒண்ணும் பண்ணாம சும்மா இருக்கப்போறோம். அப்பாகிட்ட காட்டு' என்று கீழே எழுதியிருந்தாள்.

அம்மா ஜெயலக்ஷ்மி படத்தைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் கிடந்த கணவர் ஸ்ரீரங்கனைப் பார்த்தாள். விடியற்காலையில் காபியோடு எழுப்பப் போனவள் அவள்தான். அந்தக் காபி ஜன்னல் விளிம்பில் ஆடை படிந்து அப்படியே இருந்தது.

"ஹம்சுகிட்ட சொல்லாதே" என்றாள்.

"அம்மா, அவ அவரோட பொண்ணும்மா."

"அதனாலதான் சொல்றேன். அப்பா படுத்ததுலேர்ந்து அவதானே எல்லாம் பண்ணினா? கல்யாணமாகி எங்கயாவது போயிருக்காளா? இப்பவும் இவர் பிடிச்சுத் தள்ளினார், போனா. இன்னிக்கு ஒரு நாள் நன்னா இருந்துட்டு வரட்டும். நாளைக்கு வந்து அழுதுக்கட்டும்."

சொன்னாலும் அவளால் வந்து முகம் பார்க்க முடியாது என்பது உண்மைதான். படகைப் பிடித்து, விமானத்தைப் பிடித்து, மயிலாப்பூர் வந்து சேர எப்படியும் மறுநாள் ஆகிவிடும். ஐஸ் பெட்டியில் போட்டு யாருக்காகவும் காக்கவைக்கக் கூடாது என்று அப்பா நாக்குக் குழறும் நிலையிலும் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார்.

காரியங்களை நடத்திவைக்க ராமானுஜம் வாத்தியார் வந்தார். கல்யாணமான பெண்ணுக்குத் தீட்டு எப்படி என்று அம்மாவே அவரிடம் கேட்டுக்கொண்டாள். காதில் விழுந்த நிமிஷம் கட்டின துணியோடு தலைக்கு முழுக வேண்டும், அதற்குப் பிறகுதான் நாள் கணக்கு என்றார் அவர். அம்மா உடனே பரத்வாஜைத் திரும்பிப் பார்த்தாள். காதில் விழாதவரை அவள் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. சாஸ்திரமே தன் பக்கம் வந்துவிட்டது என்ற தெம்பு அந்தப் பார்வையில் இருந்தது.

பரத்வாஜுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மெட்ரோ வேலைக்காகத் தெருவை அடைத்திருந்ததால் அமரர் வண்டி எங்கே வந்து நிற்கும் என்று பார்த்துவருவதாகச் சொல்லிவிட்டு மாடியிலிருந்து இறங்கினான். இஸ்திரி வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி அஸ்வத்துக்குப் போன் செய்தான். விஷயத்தைச் சொன்னான். அக்காவுக்குத் தெரியக் கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருப்பதையும், தான் சொன்னது அம்மாவுக்குத் தெரியவே கூடாது என்பதையும் சொன்னான்.

"சரி. நான் பாத்துக்கறேன்" என்று அஸ்வத் வைத்துவிட்டான்.

பார்த்துக்கொண்ட லட்சணம் சிறிது நேரத்திலேயே தெரிந்தது. தென்னைகளுக்கு நடுவே கட்டிய ஊஞ்சலில் ஹம்சினி, மணலில் தான் கட்டிய கோணல் கோபுரத்துக்குப் பக்கத்தில் அஸ்வத், தட்டில் வெட்டிவைத்த அன்னாசிப்பழம் என்று படத்துக்கு மேல் படமாக வந்து விழுந்தன. அழுது ஓய்ந்த இடைவெளிகளில் அம்மா ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். "எப்படிச் சிரிக்கறா பாரு" என்றாள். அவள் முகத்தில் ஒரு கணம் வந்துபோன நிம்மதியைப் பார்க்கச் சகிக்காமல் பரத்வாஜ் திரும்பிக்கொண்டான்.

அஸ்வத் வாயைத் திறக்கவில்லை என்பது அவனுக்குத் தீர்மானமாகிவிட்டது. மனுஷனா அவன்? மாமனார் போன செய்தியை மடியில் வைத்துக்கொண்டு கோபுரம் கட்டுகிறான். அக்கா மீதும் கோபம் வந்தது. அப்பா மாத்திரை சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று நாளைக்கு நாலு தடவை கேட்டு உயிரை வாங்குகிறவள், இன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீவுக் காற்று பட்டதும் அப்பா மறந்துபோய்விட்டார் போலிருக்கிறது.

தெருமுனை வரைக்கும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. பெசன்ட் நகர் மயானத்தில் எல்லாம் முடியும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கேயும் கடல் சத்தம் கேட்டது. அக்காவும் இதே கடலில்தானே விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்ததும் பரத்வாஜுக்கு அதுவரை வராத அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளும் குளித்திருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த தயிர்சாதம் தொடப்படாமல் இருந்தது. கையில் போன்.

புதுப் படம் ஒன்று வந்திருந்தது. மழை கட்டிய வானம், சாம்பல் நிறத்தில் தண்ணீர். ஹம்சினி இடுப்பளவு ஆழத்தில் சுடிதாரும் துப்பட்டாவுமாக நின்றுகொண்டிருந்தாள். முடி முகத்தில் ஒட்டிச் சொட்டிக்கொண்டிருந்தது. சைனஸ் தொந்தரவுக்குப் பயந்து மெரினாவில் கணுக்காலுக்கு மேல் நனையாதவள் அவள். 'முழுகிட்டேம்மா. நீ ஏதாவது சாப்பிடு' என்று மட்டும் எழுதியிருந்தது.

அம்மா விரலால் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"காலம்பர மாப்பிள்ளை மூக்கு உரிஞ்சிருந்தது. அப்புறம் வந்த படத்துல எல்லாம் நன்னா இருக்கு." நிதானமாகச் சொன்னாள். "எல்லாம் அங்க போன அன்னிக்கு எடுத்தது. எனக்காக அனுப்பிண்டிருந்திருக்கா."

பகல் முழுக்க அவர்களை மனசுக்குள் திட்டித் தீர்த்தது பரத்வாஜுக்கு உறைத்தது. யார் சொன்னது என்று அம்மா கேட்பாள் என்று காத்திருந்தான். அவள் கேட்கவில்லை. தயிர்சாதத்தைக் கிட்ட இழுத்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்க நேரம் பிடித்தது.

பிறகு போனை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"தலையைத் துவட்டிக்கச் சொல்லுடா அவளை."

அவன் எழுதி அனுப்பினான். அனுப்பிய உடனே அது படிக்கப்பட்டுவிட்டது.