மௌனத்தில் வைக்காத பெயர்கள்

அன்று மாலை என் மனைவி தௌசிலி பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, போனில் ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரைச் சேர்த்தாள். எடுத்தது பிள்ளை பெற்றுவிட்ட ஒருத்தியின் பெயர். சேர்த்தது ஓலிவாவின் பெயர். ஓலிவாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. "சேப்பங்கிழங்கு குழைஞ்சிடப் போகுது, அடுப்பைப் பாரு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் மதியம் மருத்துவ நிலையத்தில் நின்றபடியே சரிந்து விழுந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து உயிர் போய்விட்டது என்றார்கள்.

அவள் எங்கள் ஊரின் பிரசவத் தாதி. எங்கள் சவாய் தீவில் அந்தி சாயும்போது சங்கு ஊதினால் 'சா' என்கிற ஜெப நேரம் தொடங்கிவிடும். வீட்டுக்கு வீடு ஜெபம். மறுபடி சங்கு ஊதும்வரை தெருவில் யாரும் நடக்கக் கூடாது. போன்கள் வந்த பிறகு அவையும் வாய் திறக்கக் கூடாது என்றானது. எந்த வீட்டில் ஒலித்தாலும் ஊருக்கு ஒரு பெட்டி மீன் டின் அபராதம்.

அந்த விதி வந்த புதிதில், அதைப் போட்ட ஊர்த்தலைவர் மாலக்கியிடம் தௌசிலி நேராகப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"ஆண்டவர்கிட்ட பேசுற நேரத்துல உனக்கு மட்டும் எதுக்கும்மா போன்?" என்றார் மாலக்கி.

"எனக்கில்ல ஐயா, வலி வந்தவளுக்கு. சங்கு ஊதிட்டாங்கன்னு வலி நிக்குமா?"

"சரி. ஆனா வேற யாராவது கூப்பிட்டு ஒரு தடவை அடிச்சுதுன்னா, அன்னைக்கோட இந்தச் சலுகை போச்சு."

அன்றே தன் போனில் மற்ற எல்லா எண்களின் வாயையும் அடைத்தாள். மகளிர் குழு, சர்ச் பாடகர் குழு, ஆக்லாந்துத் தங்கை. நானும் அதில் அடக்கம்.

"கட்டின புருஷன் கூப்பிட்டாக்கூட அடிக்காதா?"

"மாசமா இருந்தா சொல்லு, சேத்துக்கிறேன்."

கர்ப்பிணிகளின் பெயர்கள் மட்டும் ஒலிக்கும். பிள்ளை பிறந்ததும் பெயரை எடுத்துவிடுவாள். "பெத்ததும் எங்களைக் கழட்டி விட்டுடுறியே" என்று தாய்மார் சீண்டுவார்கள். "அடுத்த வருஷம் நீயே வந்து நிப்பே" என்பாள். அத்தனை வருடங்களில் ஒருமுறைகூட வேறு அழைப்பு எதுவும் சா நேரத்தில் ஒலித்ததில்லை. போன் கூப்பிட்ட பக்கமெல்லாம் ஓடும் எங்கள் நடுவே, அவள் ஒருத்தி அதை இருக்கச் சொன்ன இடத்தில் இருத்தியிருந்தாள்.

அவள் உடலை வீட்டில் கிடத்தியிருந்த மாலை, சிட்னியிலிருந்தும் ஆக்லாந்திலிருந்தும் துக்கம் விசாரித்து அவள் எண்ணுக்கே அழைப்புகள் வந்தன. திரை ஒளிர்ந்தது, அணைந்தது, மறுபடி ஒளிர்ந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அவள் அண்ணன் இயோவானே, "சாவு வீட்ல இது எதுக்கு மாப்ளே? அணைச்சுப் போடு" என்றார்.

"வேணாம் மச்சான். அவளை நம்பி இருக்கறவங்க பேரு அதுல இருக்கு."

சங்கு ஊதினார்கள். சவப்பெட்டிக்கு அருகே உட்கார்ந்து மாலக்கி ஜெபத்தைத் தொடங்கினார். பாதியில் போன் ஒலித்தது. இயோவானே சட்டென்று அதன்மேல் கையை வைத்தார். குனிந்த தலைகள் நிமிரவில்லை. மாலக்கி ஜெபத்தை நிறுத்தினார்.

"கையை எடுப்பா இயோவானே" என்றவர் என் பக்கம் திரும்பினார். "பெனி, பேசு."

ஓலிவாதான். "மன்னிச்சுக்கோங்க அண்ணே," என்றாள் மூச்சு வாங்கியபடி. "வேற யாரைக் கூப்பிடுறதுன்னு தெரியல."

பக்கத்து ஊர்த் தாதியின் எண்ணும் அதே போனில் இருந்தது. அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது, அந்தத் தாதியை அழைத்துவர மாலக்கி தன் வண்டிச் சாவியோடு வாசலில் நின்றார். யாரும் நடமாடாதபடி தெருவில் காவல் நின்ற இளைஞர்கள், சா நேரத்தில் தலைவரே வண்டி ஓட்டிப் போவதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் ஒதுங்கி நின்றார்களாம். ஓலிவாவுக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம்.

போன் இப்போது எங்கள் ஊருக்கு வந்திருக்கும் புதுத் தாதியிடம் இருக்கிறது. சங்கு ஊதிய பிறகு எங்கள் ஊரில் ஒலிக்கலாம் என்று இருப்பது இன்றும் அந்த ஒரு போன்தான்.