இரண்டே கால் மணி நேரத் தொலைவு

பிரான்சின் எல்லை லண்டனுக்குள், செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்திலேயே இருக்கிறது. மாமா தன் பிரெஞ்சுக் கடவுச்சீட்டைக் கண்ணாடிமேல் வைத்தார். கதவு திறந்தது, போய்விட்டார். என் இந்தியக் கடவுச்சீட்டைக் கூண்டிலிருந்த அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். யார் வீட்டில் தங்குவாய் என்றார். மாமனார் வீட்டில் என்றேன். மனைவி வரவில்லையா என்றார். இல்லை என்றேன். கைரேகைக்கு விரல்களை வைக்கச் சொன்னார். வைத்தேன்.

தயாளினி இறந்து ஓராண்டு. திவசத்துக்காக அவள் அப்பா சதாசிவம் மாமா பாரிஸிலிருந்து இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பெண்ணைத் திருச்சிக்காரனுக்குக் கொடுப்பதா என்று எங்கள் திருமணத்துக்கு வராதவர். சாவுக்கு வந்தார், திவசத்துக்கும் வந்தார். திரும்பும்போது என்னையும் நாலு நாள் வந்து தங்கச் சொன்னார். மறுக்கத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் எதையும் மறுக்கத் தோன்றுவதில்லை.

டாகென்ஹாம் தாண்டியதும் ரயில் வேகம் பிடித்தது. வேலிக் கம்பங்கள் ஒன்றாகக் கலந்து ஒரே சாம்பல் கோடாக ஓடின. மேசையிலிருந்த தேநீர் மட்டும் அசையவில்லை. மாமா சாண்ட்விச்சை ஒரு கடி கடித்துவிட்டு வைத்தார்.

"பஞ்சைத் தின்னுற மாதிரிக் கிடக்கு. மாமி இடியப்பம் அவிச்சு வைச்சிருப்பா. அங்க வந்து இட்லி எங்கயெண்டு கேக்காதையும், என்ன?"

சிரிக்க முயன்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டே கால் மணித்தியாலம், தம்பி. ஒரு படம் பாத்து முடியிறதுக்குள்ள வந்திடலாம். நான் போன் எடுத்துக் கூப்பிட்டும் என்ர பிள்ளை வரேல்லை. அவ்வளவு கோவம் என்னில."

அந்த அழைப்பு என் போனுக்குத்தான் வந்தது. தயாளினி வேலைக்குப் போயிருந்தாள். எங்கள் திருமணத்துக்குப் பிறகு இரண்டு வருடங்களில் அவர் முதல்முறையாகப் பேசினார். 'அவவை ஒருக்கா வரச் சொல்லும்' என்றார். அவவை மட்டும். சொல்கிறேன் என்றேன். அன்று மாலை சொல்லவில்லை. என்னையும் சேர்த்து ஒருமுறை கூப்பிடட்டும், அப்புறம் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். நாள் கிடக்கிறது என்று நினைத்தேன். அந்த அழைப்பு வந்து ஐந்தாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது.

"மாமா, நான் அவகிட்ட சொல்லவே இல்ல."

"என்னத்தை?"

"நீங்க போன் பண்ணதை."

ரயில் கடலடிச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. காதுகள் அடைத்தன. கண்ணாடியில் எங்கள் இருவர் முகங்களும் தெரிந்தன. ஏசுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவர் குரல் தணிந்துதான் வந்தது.

"அப்ப அவவுக்கு என்னில கோவமில்லையோ?"

"இல்ல மாமா. நீங்க ஒரு தடவை கூப்பிட்டா போதும்னு சொல்லிட்டே இருந்தா."

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அல்லது அதை மட்டுமே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

அவர் எழுந்தார். என்னைத் தொடாமல் கவனமாகக் கால்களை எடுத்து வைத்து நகர்ந்து, பெட்டிக் கடைசிக்குப் போனார். அங்கே கழிப்பறைக் கதவருகே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தது. வயல்கள் வந்தன. அவர் வரிசையில் நிற்பதாக நினைத்து கைக்குழந்தையோடு ஒரு பெண் அவர் பின்னால் போய் நின்றாள். அவர் திரும்பாமலே கையை நீட்டி அவளை முன்னே போகச் சொன்னார். அடுத்து ஒரு கிழவர் வந்தார். அவருக்கும் ஒதுங்கி வழி விட்டார்.