முதுகு காட்டிய பாட்டில்கள்

என் வேலைக்கு உலை வைக்க வந்த மெஷினை, கூடப்பிறந்த தங்கச்சியே கூட்டிக்கொண்டு வந்தாள். அதுவும் என் வீட்டு மாடியறையில் தங்கிக்கொண்டு, நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டு.

ஊசி மருந்து தயாரிக்கும் தொழிற்சாலையில், இரண்டாம் செக்கிங் மேஜை என்னுடையது. பதினான்கு வருஷமாகிறது. முதல் மேஜையில் ஆறு பெண்கள் இருக்கிறார்கள். விரல் நீளக் கண்ணாடி பாட்டிலை ஒவ்வொன்றாக எடுத்து, லேசாகச் சுழற்றி, வெள்ளைப் பலகைக்கு முன்னால் ஐந்து நொடி, கறுப்புப் பலகைக்கு முன்னால் ஐந்து நொடி பார்ப்பார்கள். தூசியோ நூலோ கண்ணாடித் துணுக்கோ மிதந்தால் ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கியது உண்மையிலேயே கெட்டதுதானா, அவசரத்தில் நல்லதையும் தள்ளிவிட்டார்களா என்று நான் மறுபடி பார்க்க வேண்டும். நான் கெட்டது என்று சொன்னால் நொறுக்கும் டிரம்முக்குப் போகும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பவள் என்று எனக்குப் பெயர். அங்கே கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எங்களிடம் ஒரு பழக்கம். ட்ரேக்கள் எல்லாம் ஒரே மாதிரி ஸ்டீல் ட்ரேக்கள். எப்போதோ ஒரு தடவை ஒதுக்கிய ட்ரே நல்ல வரிசையில் கலந்து பெரிய ரகளையாகிவிட்டது. அன்றிலிருந்து கெட்ட பாட்டிலை வைக்கும்போது, அதன் மேல் அச்சடித்த பேட்ச் நம்பர் அந்தப் பக்கம் போகும்படி திருப்பி வைப்போம். நம்பர் முகம், வெறும் பக்கம் முதுகு. யாரும் எழுதி வைத்த விதியில்லை, கை தானாகத் திருப்பிவிடும்.

தங்கச்சி தன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த மெஷின், ஒரு கேமராவும் ஒரு கம்ப்யூட்டரும்தான். ஒரு மாதம் சோதித்துப் பார்த்து, கடைசி வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாக மேனேஜர் அறிவித்தார். மெஷின் தேறினால் இரண்டாம் மேஜையை எடுத்துவிடுவார்கள். எனக்கு அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவு.

அன்றைக்கு வீட்டில் துணி மடித்துக்கொண்டே அவளைக் கேட்டேன். "தூசின்னா என்னன்னு அதுக்கு நீதான் சொல்லிக் கொடுப்பியா?"

"சொல்ல மாட்டோம்க்கா. நல்ல பாட்டில் போட்டோ பத்தாயிரம் காட்டுவோம், கெட்டது ரெண்டாயிரம் காட்டுவோம். எது நல்லது, எது கெட்டதுன்னு மட்டும் சொல்லுவோம். என்ன வித்தியாசம்னு அதுவே கண்டுபிடிச்சுக்கும்."

"அப்போ அது யோசிக்குதுன்னு சொல்றியா?"

"யோசிக்கிறதுன்னா என்னன்னு முதல்ல நீ சொல்லு. அப்புறம் நான் பதில் சொல்றேன்."

படித்தவள் அல்லவா, கேள்வியை என் மடியிலேயே திருப்பிப் போட்டாள். நானும் விடவில்லை. "பாத்ததையே சந்தேகப்பட்டு இன்னொரு தடவை பாக்கிறதுதான் யோசனை. உன் மெஷினுக்குச் சந்தேகம் வருமா?"

"வராது. ஆனா பதில் சரியா இருந்தா போதாதாக்கா? உள்ளுக்குள்ள என்ன நடந்தா என்ன?"

அவள் சட்டையை மட்டும் மடிக்காமல் ஓரமாக வைத்தேன்.

தங்கச்சியும் அவள் கம்பெனி ஆட்களும் முதல் மேஜையிலும் என் மேஜையிலும் நின்று படம் எடுத்தார்கள். சோதனைக்கு ஒதுக்கி வைத்திருந்த படங்களில் மெஷின் நூற்றுக்கு நூறு வாங்கியது. மேனேஜர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஓடும் பெல்ட்டில் நேரடிச் சோதனை. அதில் பாட்டில்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பி வரும். கதை தலைகீழாகிவிட்டது. உள்ளே கண்ணாடித் துணுக்கு மினுக்கிய பாட்டிலை மெஷின் நல்லது என்றது. பளிங்கு போலிருந்ததைக் கெட்டது என்று தள்ளியது. தங்கச்சி முகம் செத்துவிட்டது. நான் பத்து நிமிஷம் பார்த்தேன். அது தள்ளியது அத்தனையிலும் நம்பர் அந்தப் பக்கம் இருந்தது. படம் எடுத்தபோது நாங்கள் கெட்டதையெல்லாம் பழக்கப்படி திருப்பித்தானே வைத்திருந்தோம்? மெஷின் தூசியைத் தேடவே இல்லை. முதுகு தெரிந்தால் கெட்டது, அவ்வளவுதான் அது கற்றுக்கொண்ட பாடம்.

கேன்டீனில் அதை வெளுத்து வாங்கினேன். "யோசிக்குதாம் யோசிக்குது! திரும்பி நின்னா குத்தவாளியாம். இதுக்குப் போயி என் நாற்காலியைக் கொடுக்கப் பாத்தாங்களே!" ஆறு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த மேஜையில் தங்கச்சி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றுதான் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

அவள் சளைக்கவில்லை. இனி எல்லா பாட்டிலையும் எல்லாப் பக்கமும் திருப்பிப் படம் எடுப்பதாகச் சொன்னாள். வியாழக்கிழமை காலை என்னிடமே வந்து, சுத்தமானதாக நாற்பது பாட்டில் பார்த்துத் தரச் சொன்னாள். பார்த்துக் கொடுத்தேன்.

பதினொரு மணிக்கு டீ குடித்துவிட்டு வந்தேன். மேஜையில் ஒரு ட்ரே இருந்தது. வழக்கம்போல ஒவ்வொன்றாக எடுத்தேன், சுழற்றினேன், பலகைக்கு முன்னால் பிடித்தேன், டிரம்மில் போட்டேன். கடைசி பாட்டில் நொறுங்கும்போது தங்கச்சி போன் பேசி முடித்துவிட்டு வந்தாள்.

"அக்கா, இங்க ஒரு ட்ரே வெச்சிருந்தேனே?"

"அதுவா? நாப்பதும் குப்பை. போட்டாச்சு."

அவள் என்னையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது காலையில நீயே நல்லதுன்னு கொடுத்ததுக்கா. படம் எடுக்கிறதுக்காக நான்தான் திருப்பி அடுக்கினேன்."

"இல்லையே. ஒண்ணுல நூல் மிதந்துச்சு, நான் பாத்தேன்" என்றேன். பொய் சொல்லவில்லை. வெள்ளையாக, கொஞ்சம் வளைந்த நூல், சத்தியமாகப் பார்த்தேன். பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் நாற்பதையும் காலையில் இதே கையால்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கேன்டீனில் நான் பேசியதற்கு அவள் நான்கு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெறும் ட்ரேயை எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவமானத்தைவிடப் பயம்தான் அதிகம். எத்தனை வருஷமாக இப்படி? இதுவரை எத்தனை நல்ல மருந்தை நொறுக்கியிருப்பேன்?

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் அறையில் மூன்று பேர்தான் இருந்தோம். அவர் முன்னால் இரண்டு காகிதங்கள். ஒன்று மெஷினைத் திருப்பி அனுப்புவதற்கு. இன்னொன்று இரண்டாம் மேஜை எனக்கே நிரந்தரம் என்பதற்கு.

"மெஷின் முதுகைப் பாத்துத் தீர்ப்பு சொல்லுது. நமக்கு யோசிச்சுப் பாக்கிற ஆள்தான் வேணும்" என்று பேனாவைத் திறந்தார்.

தங்கச்சி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் அவள் வேலை பிழைக்கும். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் திறக்கவில்லை.

"சார், கையெழுத்துப் போடாதீங்க" என்றேன். "நானும் முதுகைத்தான் பாக்கிறேன். நேத்து நாப்பது நல்ல பாட்டிலை நொறுக்கிட்டேன்."

முழுவதையும் சொன்னேன், அந்த நூலைப் பார்த்தது உட்பட. அவர் பேனாவை மூடினார். பிறகு தங்கச்சியிடம் கேட்டார்:

"உங்க மெஷினைத் திரும்பப் பழக்க எத்தனை நாள் ஆகும்?"

"மூணு வாரம் சார்."

என் பக்கம் திரும்பினார். "உங்களை?"

கிண்டலாகக் கேட்கவில்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரியலை சார். எது நல்லது, எது கெட்டதுன்னு சொல்லாம ஒரு ட்ரே கலந்து கொடுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."