அணையும் பல்பும் உலகம்மாள் கையும்

“அக்கா, கையை எடுங்க!”

எஞ்சின் டிரைவர் வல்லிநாயகம் போட்ட சத்தத்தில், மாலை மரியாதைக்கு வந்திருந்த தென்காசிப் பிரமுகர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். ஆனால் சுவிட்சின் கைப்பிடியில் இருந்த கையை உலகம்மாள் எடுக்கவில்லை.

1945, ஆனி மாதம். சாரல் இறங்கிவிட்டது, குற்றாலத்தில் எள் விழ இடமில்லாத கூட்டம். அத்தனை பேருக்கும் விளக்கெரிக்கத் தென்காசி கரண்டு கம்பெனியின் ஒற்றை எஞ்சினால் ஆகாது. அதனால் பாபநாசத்து மின்சாரத்தைக் கம்பி இழுத்துக் கொண்டுவந்தாயிற்று. இனி எஞ்சினையும் அதையும் ஜோடி சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே தாளத்துக்கு வரும் கணத்தில் சுவிட்சைப் போட வேண்டும். தாளம் தப்பினால் எஞ்சின் தண்டு முறியும். யுத்த காலத்தில் வேறு தண்டுக்கு எங்கே போவது? சீசன் முழுக்க குற்றாலம் இருட்டு, வல்லிநாயகத்துக்கு வேலை காலி.

தாளத்தைக் காட்டப் பலகையில் இரண்டு பல்புகள் மெல்ல எரிவதும் மெல்ல அணைவதுமாக இருந்தன. அணையும்போது போட வேண்டும். வம்பே அங்கேதான்.

“விளக்கு அணையுத நேரத்துலயா தொடங்கச் சொல்லுத? கம்பெனி வெளங்குமாலே?” என்றாள் உலகம்மாள். முதலாளி சுந்தரபாண்டியின் அக்கா. ராசியான கை என்று ஊரே சொல்லும்; அதனால்தான் சுவிட்சைப் போட அவளை அழைத்திருந்தார்கள்.

“அணைஞ்சாத்தான் ரெண்டும் சேந்திருக்குன்னு அர்த்தம் அக்கா.”

“எங்க வீட்டுல விளக்கை அணைன்னு சொல்லக்கூட மாட்டோம், குளிர வைன்னுதான் சொல்லுவோம். நல்லா எரியும்போதுதான் போடுவேன்.”

“அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க!”

“நானா? பொறந்ததுல இருந்து அக்காவை எதுத்துப் பேசுனதில்லலே” என்று முதலாளி பின்வாங்கினார்.

பல்புகள் பிரகாசமாகத் தொடங்கின. உலகம்மாளின் விரல்கள் இறுகின.

“இருங்க! நீங்க சொல்லுதபடியே செஞ்சிருவோம்!”

வல்லிநாயகம் பாய்ந்துபோய்ப் பல்புகளின் பியூஸைப் பிடுங்கினான். இரண்டு ஒயர்களைக் கழற்றிக் குறுக்காக மாற்றி முடுக்கி, பியூஸைத் திரும்பச் செருகினான். இனி, தாளம் சேரும்போது பல்புகள் பளிச்சென்று எரியும்.

“இப்படி ஒரு வழி இருக்கா? முதல்லயே செய்யதுக்கு என்னலே?” என்றார் முதலாளி.

“இருட்டுன்னா தப்பாம தெரியும் அண்ணாச்சி. வெளிச்சத்துல உச்சி எதுன்னு கண்ணு ஏமாத்தும். அக்கா, நான் சொன்னாத்தான் போடணும்.”

பல்புகள் சிவந்தன, மஞ்சளாயின, வெளுத்தன.

“இப்ப!”

கைப்பிடி இறங்கியது. எஞ்சின் ஒருமுறை உறுமிவிட்டுப் பழையபடி ஓடியது. தண்டு பிழைத்தது. வெளியே, குற்றாலம் சாலையில் வரிசையாக விளக்குகள் பூத்தன.

கூட்டம் கைதட்டி ஓய்ந்ததும் உலகம்மாள் கேட்டாள்: “ஆமா, இந்த எஞ்சினை நிறுத்தணும்னா என்ன சொல்லுவிய?”

வேலையைக் காப்பாற்றிக்கொண்ட வல்லிநாயகம் நெற்றி வேர்வையைத் துடைத்தான்.

“குளிர வைக்கதுன்னுதான் அக்கா.”