விரல் சொன்ன விலை

என் தங்கை என்மேல் வைத்திருந்த நம்பிக்கையை முன்னூற்று முப்பத்து மூன்று ரூபாய் முப்பத்து மூன்று நயா பைசாவுக்கு விற்றேன். எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் இருபது வருடம் நின்றவன் நான். இவ்வளவு மலிவாக எதையும் கொடுத்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் எங்கள் வாப்பா மவுத்தானார். நாற்பதாம் நாள் கழிந்ததும் கோவில்பட்டி வீட்டை விற்பதென்று முடிவானது. உம்மா முன்பே போய்விட்டாள். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. தங்கை தௌலத் குளத்தூரிலிருந்து வந்து உள்கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். போன ஐப்பசிக் காற்றில் அவள் வீட்டுக் கூரை பாதி போய்விட்டது. பங்குப் பணத்தில் ஓடு போட வேண்டும்.

வாங்க வந்தவர் மாயகிருஷ்ணன். கிடை போட்டு, ஆடு விற்றுக் காசு சேர்த்தவர். தீப்பெட்டி ஒட்ட இடம் தேடினார். எங்கள் இருவருக்கும் வீடென்ன, வெள்ளாடென்ன? துண்டை விரித்தோம். சந்தையில் விலை பேசுவது துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்துத்தான். பிடித்த விரல் எத்தனையோ அதுதான் விலை; ஐந்துக்கு மேல் போனால் ஐந்தையும் பிடித்து விட்டு, மிச்சத்தைத் தனியாகப் பிடிக்க வேண்டும். வாய் ஆயிரம் பொய் சொல்லலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். விரல் ஒரு பொய் சொன்னால் அவனோடு பிறகு எவனும் துண்டு போடமாட்டான்.

"செவரெல்லாம் உப்புப் பூத்துக் கெடக்கே அண்ணாச்சி. இது வீடா, உப்பளமா?" என்றார் மாயகிருஷ்ணன், என் நாலு விரலைப் பிடித்தபடி.

"எங்க வாப்பா எழுவது வருசம் இங்கனதான் இருந்தாவ. ஊறுகாயாவா போயிட்டாவ?" என்று நான் எட்டைப் பிடித்தேன்.

ஏழில் நின்றது. ஏழாயிரம்.

துண்டை எடுத்ததும் கதவுப் பக்கம் திரும்பி, "ஆறாயிரத்துக்கு முடிஞ்சிருக்கு தௌலத்து" என்றேன்.

மாயகிருஷ்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்லும் வழக்கம் அவருக்கும் இல்லை.

முத்திரைச் செலவு குறையட்டுமென்று பத்திரத்தில் நாலாயிரம் போட்டோம். ஆக ஒரே வீட்டுக்கு மூன்று விலை.

கிரயம் முடிந்து, காலி வீட்டில் பாயை விரித்து, இரண்டாயிரத்தை எண்ணி அவள் முன்னால் வைத்தேன். "வாப்பாவோட கபன் துணிச் செலவு அறுவத்தி மூணு ரூவா ஆச்சு. அதுல ஒங்கிட்ட ஒண்ணும் பிடிக்கல" என்றேன், பெருந்தன்மையாக.

அவள் பணத்தைத் தொடவில்லை. "கையைக் குடு காக்கா" என்று அண்ணன் என் கைமேல் முந்தானையைப் போட்டாள். "வாப்பா எனக்கும் விரல் பிடிக்கச் சொல்லித் தந்திருக்காவ. வாயால சொல்லிட்ட. இப்ப விரலால சொல்லு."

ஆறு பிடித்தால் போதும். முதலில் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். விட்டுவிட்டு ஒரு விரலைப் பிடித்தேன். அதோடு கையை எடுத்திருக்கலாம். வாப்பாவுக்கு இருந்த அதே கட்டை விரல்கள் அவளுக்கும். இரண்டாவது விரலையும் சேர்த்துப் பிடித்தேன்.

ஏழு. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

நான் அவசரமாக மடியை அவிழ்த்தேன்.

"வேண்டாம்."

"ஏட்டி, அது ஒம் பங்குட்டீ!"

"தெரியும். இப்ப வாங்கிட்டா ஒனக்கு மறந்துரும். கடனோட மவுத்தானா உசிரு அந்தரத்துல தொங்கும்னு ஓதியிருக்கேல்லா? எனக்கு முன்னால போயிராத காக்கா."

இரண்டாயிரத்தை எடுத்து, அதிலிருந்து இருபத்தொரு ரூபாயை எண்ணி என் முன்னால் வைத்தாள்.

"கபன்ல எம் பங்கு. எங்க வாப்பாவ நான் ஓசித் துணியில அனுப்பமாட்டேன்."

மூன்று பெருநாளைக்குப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு குளத்தூர் போனேன். சோறு போட்டாள், சிரிக்கச் சிரிக்கப் பேசினாள், பணத்தை மட்டும் வாங்கவில்லை. கூரையில் முக்கால்வாசி ஓடு, மீதி பனையோலை. அந்த ஓலைக்கு நேர் கீழேதான் எனக்குப் பாய் விரிப்பாள்.

என் நோட்டில் அவள் பக்கம் இப்படி இருக்கிறது:

தௌலத் பேகம், குளத்தூர்.
கபன் செலவில் அவள் பங்கு, வரவு: 21.00
வீட்டில் அவள் பங்கு: 2,333.33
கொடுத்தது: 2,000.00
பாக்கி: 333.33